கார்லோவைத் தேடிப் போன பதினைந்து நாட்கள்

ஜூன் 19, 2019, புதன், எடின்பரோ

தங்கை இரவுப் பணி முடிந்து காலை எட்டரைக்குத்தான் வீட்டுக்கு வந்தாள். இதய அறுவை சிகிச்சைப் பிரிவில் செவிலியாக இருக்கிறாள். நான்கு மணி நேரம் தூங்கி எழுந்தவள், "அக்கா, சாயங்காலம் நாடகம். டிக்கெட் வாங்கி ஒரு மாதம் ஆகிறது" என்றாள். தஞ்சாவூரிலிருந்து வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போகாத இந்த ஊரில் எனக்கும் தூக்கம் பிடிபடவில்லை. இருந்தாலும் கிளம்பினேன்.

கிங்ஸ் தியேட்டர் 1906-இல் திறந்த அரங்கம். சிவப்புக் கல் முகப்பு. உள்ளே நுழைந்ததும் என் கண் மேலேதான் போயிற்று. கூரையின் குவிமாடத்தை ஜான் பைர்ன் என்ற ஸ்காட்லாந்து ஓவியர் 2013-இல் புதிதாகத் தீட்டியிருக்கிறார். எங்களுக்குக் கிடைத்தவை பின்வரிசை இருக்கைகள், ஆளுக்கு 22 பவுண்டு. கணக்குப் போட்டால் இரண்டாயிரம் ரூபாயை நெருங்குகிறது. முழங்கால் முன் இருக்கையில் இடித்தது. பக்கத்தில் இருந்த முதியவர் தன் கோட்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, எனக்குக் கொஞ்சம் இடம் விட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். நான் கேட்கவே இல்லை.

நாடகம் 'கேப்டன் கொரேலியின் மேண்டலின்'. லூயி டி பெர்னியேர் 1994-இல் எழுதிய நாவலை ரோனா மன்றோ மேடைக்கு மாற்றியிருக்கிறார். இயக்கம் மெல்லி ஸ்டில். ஏப்ரலில் லெஸ்டரில் தொடங்கி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. கதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கெஃபலோனியா என்ற கிரேக்கத் தீவில் நடக்கிறது. 1941-இல் இத்தாலியப் படை அந்தத் தீவைப் பிடிக்கிறது. மருத்துவர் யானிஸின் வீட்டில் கொரேலி என்ற இத்தாலிய அதிகாரி தங்க வைக்கப்படுகிறான். மருத்துவரின் மகள் பெலாகியாவுக்கு மாண்ட்ராஸ் என்ற மீனவனோடு ஏற்கெனவே நிச்சயமாகியிருக்கிறது. ஊரை ஆக்கிரமித்த படையின் அதிகாரி மீது அவளுக்குக் காதல் வருகிறது.

மேடையில் வீடு இல்லை, மரம் இல்லை. கசக்கிப் பிரித்த காகிதம் போல ஒரு பெரிய உலோகத் தகடு பின்னால் தொங்குகிறது. அதில் ஒளி விழும்போது ஒரு நேரம் கடல், ஒரு நேரம் மலை, ஒரு நேரம் தீ. எனக்கு இது நிறைவாக இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் கூத்தில் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு அரண்மனை என்றால் அரண்மனைதான்.

ஆட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருத்துவர் வீட்டு ஆடாக லூயிசா கெரெய்ரோ நடிக்கிறார். தோல் போர்த்தவில்லை, கொம்பு வைக்கவில்லை. நிற்பதும், தலையைத் திருப்புவதும், யாரோ சொல்வதைக் கேட்காதது போல மெல்லுவதும்தான். கொஞ்ச நேரத்தில் மேடையில் ஆள் மறைந்து ஆடு மட்டும் நின்றது. தஞ்சாவூரில் பொய்க்கால் குதிரை பார்த்து வளர்ந்தவள் நான். அங்கே குதிரையைச் செய்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடுவார்கள். இங்கே ஒன்றுமே கட்டிக்கொள்ளாமல் உடம்பே ஆடாகிறது. வீட்டில் வளரும் மரநாய் வகைப் பிராணியையும் ஒரு நடிகைதான் செய்தார். இடைவேளையில் எல்லோரும் சிறு கிண்ண ஐஸ்கிரீம் வாங்கி, கரண்டியால் சுரண்டியபடி ஆட்டைப் பற்றித்தான் பேசினார்கள்.

தங்கை முதல் பாதியின் பெரும்பகுதியைத் தூங்கியே கழித்தாள். நான் எழுப்பவில்லை. அவள் மறுபடி கண் விழித்தபோது கொரேலி வந்திருந்தான். அவன் மேடைக்கு வரவே நெடுநேரம் ஆகிறது.

மேண்டலின் என்ற சொல்லைக் கேட்டால் நமக்கு நினைவு வருகிறவர் சீனிவாஸ். மின்சார மேண்டலினில் ஐந்து தனித் தந்திகளை வைத்துக்கொண்டு கமகத்தை வழிய விட்டவர். இத்தாலிய மேண்டலினில் தந்திகள் ஜோடி ஜோடியாக எட்டு. ஒலி நீள வேண்டுமென்றால் ஒரே சுரத்தை விரைந்து விரைந்து மீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நடுக்கம் எனக்குப் புதிது. குளிரில் பல் கிட்டுவது போலத் தொடங்கிப் பிறகு பாட்டாக மாறியது.

நாடகம் முடியப் பத்து மணி தாண்டிவிட்டது. வானம் இன்னும் நீலமாக இருந்தது, மெல்லிய தூறல். வீட்டுக்குப் போகும் வழியில் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கினோம். கடைக்காரர் என்னைப் பார்த்து, "உப்பும் சாஸும்?" என்றார். இந்த ஊரில் அப்படித்தான் கேட்பார்களாம். பழுப்பு நிறத்தில், புளிப்பாக, நீர்த்த சாஸ். நம் புளிக்காய்ச்சலைத் தண்ணீர் விட்டுக் கரைத்தது போன்ற ருசி. எனக்குப் பிடித்திருந்தது.

ஜூன் 20, வியாழன், எடின்பரோ

காலையிலிருந்து ஒரு காட்சி என்னை விடவில்லை.

கொரேலியின் படையில் கார்லோ என்று ஒரு வீரன். மலை போன்ற உடம்பு. கெஃபலோனியாவுக்கு வருவதற்கு முன் அல்பேனியப் போர்முனையில் இருந்தவன். 1940 அக்டோபர் 28-இல் இத்தாலி அல்பேனியா வழியாகத்தான் கிரேக்கத்துக்குள் நுழைந்தது. அந்தப் பனியில் பிரான்செஸ்கோ என்ற தோழன் அவன் கையில் இறந்துபோகிறான். கார்லோ பிரான்செஸ்கோவைக் காதலித்தவன். அதை ஒருவரிடமும் சொல்லாதவன். பின்னால், ஜெர்மானியர்கள் இத்தாலிய வீரர்களை வரிசையாக நிறுத்திச் சுடும்போது, கொரேலிக்கு முன்னால் வந்து நின்று அவன் கைகளைப் பின்புறமாகப் பிடித்துக்கொள்கிறான். தன் மீது பாயும் குண்டுகள் கொரேலியை எட்டக்கூடாது என்று, விழும்போதும் அவன் மேலேயே விழுகிறான்.

இதைக் காதல் கதை என்று சுவரொட்டி சொல்கிறது. பெலாகியாவும் கொரேலியும் அணைத்து நிற்கும் படம். மேடிசன் கிளேரும் அலெக்ஸ் முன்யாயோனியும் நன்றாகவே நடித்தார்கள். ஆனால் என் நெஞ்சில் உட்கார்ந்தது ரயன் டொனால்ட்சன் நடித்த கார்லோ. பதிலுக்கு ஒன்றும் கேட்காத காதல் அவனுடையது. ஒரு சொல் கூடக் கேட்கவில்லை.

பழைய புத்தகக் கடையில் நாவல் மூன்று பவுண்டுக்குக் கிடைத்தது. கடைக்காரப் பெண்மணி அட்டையைத் துடைத்துக் கொடுத்தார். "முதல் நூறு பக்கம் பொறுமையாகப் படியுங்கள், நடுவில் விட்டுவிடாதீர்கள்" என்றும் சொன்னார்.

மாலையில் தங்கையிடம் கேட்டேன். கொரேலியின் உடைந்த விலா எலும்புகளை மருத்துவர் அவனுடைய மேண்டலின் தந்தியாலேயே கட்டுகிறாரே, அது நடக்குமா என்று. அவள் சிரிக்கவில்லை. "இன்றைக்கும் மார்பைத் திறந்து அறுவை செய்தால் நடு எலும்பை எஃகுக் கம்பியால்தான் கட்டி மூடுகிறோம் அக்கா. கம்பி உள்ளேயே இருந்துவிடும். எக்ஸ்ரேயில் முடிச்சு முடிச்சாகத் தெரியும்" என்றாள். பிறகு, "ஆனால் அந்தக் கிழவரிடம் மயக்க மருந்து இருந்திருக்காதே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஜூன் 25, செவ்வாய், கிளாஸ்கோ

நாடகம் இந்த வாரம் கிளாஸ்கோ தியேட்டர் ராயலுக்கு வந்திருக்கிறது. ரயிலில் ஒரு மணி நேரம். தங்கைக்குப் பணி என்பதால் தனியாகப் போனேன். ஒரே நாடகத்தை ஒரே வாரத்தில் இரண்டாம் முறை பார்க்கப் போவது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

உச்சி மாடியில் இடம். கீழே பார்த்தால் தலை சுற்றுகிறது. முதல் தடவை கதையைப் பின்தொடர்ந்தேன். இந்தத் தடவை கார்லோவை மட்டும் பார்த்தேன். மற்றவர்கள் பாடும்போது அவன் எங்கே நிற்கிறான், கொரேலி சிரிக்கும்போது அவன் முகம் எப்படி மாறுகிறது என்று. மேலேயிருந்து பார்த்ததால் ஒன்று புரிந்தது. பெரும்பாலான காட்சிகளில் அவன் ஓரத்தில்தான் இருக்கிறான். இருந்தாலும் அவன் நிற்கும் ஓரம் காலியாகத் தெரிவதே இல்லை.

இரண்டாம் பாதி விரைகிறது. போருக்குப் பிறகு வரும் ஆண்டுகளை, நிலநடுக்கத்தை, முதுமையை எல்லாம் கடகடவென்று கடக்கிறார்கள். நாவல் பெரியது, மேடைக்கு நேரம் குறைவு. ஆனால் கொலைக் களத்துக்குப் பிறகு ஒரு மூச்சு விட இடம் கொடுத்திருக்கலாம். எனக்கு அது தேவையாக இருந்தது.

திரும்பும்போது இங்கேயும் மீன் கடை. 'சாஸ்' கேட்டேன். "அது எடின்பரோக்காரர்கள் பழக்கம். இங்கே உப்பும் வினிகரும்தான்" என்று கடைப் பையன் கண்டிப்பாகச் சொன்னான். ஒரு மணி நேரப் பயணத்தில் ருசி மாறிவிடுகிறது.

ரயிலில் உட்கார்ந்து முடிவெடுத்தேன். அந்தத் தீவைப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவுக்கான விசா எனக்கு ஏற்கெனவே இருந்தது. தங்கையோடு பாரிஸ் போவதாகத் திட்டம். அவளுக்கு விடுப்புக் கிடைக்காததால் அது நின்றுபோயிருந்தது.

ஜூன் 28, வெள்ளி, ஏதென்ஸிலிருந்து அர்கொஸ்டோலி

நான் ஏதென்ஸ் வந்து சேர்ந்தேன். பெட்டி வரவில்லை. பெட்டிகள் சுற்றி வரும் பட்டையின் முன் ஐம்பது நிமிடம் நின்றேன். கடைசியில் ஒரு குழந்தை வண்டி மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. விமான நிறுவனத்தின் மேசையில் இருந்த இளைஞர் படிவத்தைத் தந்துவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெஃபலோனியா என்று முகவரி எழுதினேன். "அங்கேயா? இரண்டு நாள், மூன்று நாள்" என்று தோளைக் குலுக்கினார். கையில் ஒரு பை. அதில் நாவல், மாத்திரை, சால்வை, ஒரு துண்டு. எனக்கு அழுகை வந்தது.

பிறகு பஸ். கொரிந்து கால்வாயைக் கடந்து, வலப்பக்கம் கடலும் இடப்பக்கம் மலையுமாக நாலு மணி நேரம். கிளினி என்ற துறைமுகத்தில் பஸ்ஸே கப்பலுக்குள் ஏறிக்கொள்கிறது. எல்லோரும் இறங்கி மேல்தளத்துக்குப் போனோம். ஒன்றரை மணி நேரக் கடல். வெயில் 33 டிகிரி. இரண்டு வாரம் ஸ்காட்லாந்துத் தூறலில் நனைந்த உடம்புக்கு அந்தச் சூடு தஞ்சாவூரை நினைவூட்டியது. பக்கத்தில் இருந்த கிழவி பையிலிருந்து வெள்ளரிக்காயை எடுத்து, கத்தியால் நீளவாக்கில் கீறி, உப்புத் தூவி எனக்கும் ஒன்று நீட்டினாள். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. நான் கும்பிட்டேன். அவள் மார்பில் கை வைத்துத் தலையசைத்தாள்.

தீவின் தலைநகரான அர்கொஸ்டோலியில் அறை வாடகைக்கு விடும் அம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயது அதிகம் இருக்கும். ஆங்கிலம் ஆஸ்திரேலியச் சாயலில் வந்தது. பெற்றோர் நிலநடுக்கத்துக்குப் பிறகு மெல்போர்னுக்குக் கப்பல் ஏறியவர்களாம். பெட்டி வரவில்லை என்றேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போய், நீலப்பூப் போட்ட ஒரு நீளமான பருத்தி அங்கியைக் கொண்டுவந்து கட்டில் மேல் வைத்தார். "சலவை செய்தது" என்று மட்டும் சொன்னார்.

ஜூன் 29, சனி, அர்கொஸ்டோலி

முதல் ஏமாற்றம். ஊரில் பழைய வீடு ஒன்று கூடக் கண்ணில் படவில்லை. நாடகத்திலும் நாவலிலும் பார்த்த கல் வீடுகள் எங்கே என்று தேடினேன். 1953 ஆகஸ்ட் 12-ஆம் தேதி வந்த நிலநடுக்கம் தீவின் வீடுகளை ஏறக்குறைய முழுதும் சாய்த்துவிட்டது. அளவு ஏறக்குறைய 7. வடகோடியில் இருக்கும் ஃபிஸ்கார்டோ என்ற ஊர் மட்டும் பெரும்பாலும் தப்பியது. தீவே சுமார் 60 சென்டிமீட்டர் மேலே எழும்பிவிட்டது என்கிறார்கள். இன்று நிற்பவை அதற்குப் பிறகு கட்டிய, நடுக்கத்தைத் தாங்கும் தாழ்ந்த கான்கிரீட் வீடுகள்.

மீன் இறங்கும் கரையில் காலை ஏழு மணிக்குக் கூட்டம். எட்டிப் பார்த்தால் தண்ணீரில் பெரிய கடலாமைகள். மீனவர்கள் மீனைச் சுத்தம் செய்து கழிவைப் போட, ஆமை தலையைத் தூக்கி வாங்கிக்கொள்கிறது. ஒரு மீனவர் என்னைப் பார்த்து, பக்கத்திலிருந்த பெண் குழந்தையைப் பின்னுக்கு இழுத்து எனக்கு இடம் விட்டார். குழந்தை என்னை முறைத்தது. நான் அவளுக்கே இடத்தைத் திரும்பக் கொடுத்தேன்.

காலைச் சாப்பாடு இறைச்சிப் பை ஒரு துண்டு, நான்கு யூரோ. உள்ளே ஆட்டிறைச்சியோடு அரிசியும் இருந்தது! பட்டை வாசம் வேறு. மேல் மாவை எடுத்துவிட்டால் நம் வீட்டு விசேஷச் சோற்றின் தூரத்து உறவு.

பிறகு பாலம். ஆங்கிலேயப் படையில் இருந்த சுவிட்சர்லாந்துக்காரர் டி போசே 1813-இல் போட்டது. முதலில் மரம், பிறகு கல். வளைகுடாவின் குறுக்கே நீளமாக, தாழ்வாகப் போகிறது. வண்டி கிடையாது, நடப்பவர்களுக்கு மட்டும். இந்த ஊரில் நிலநடுக்கத்துக்கு முந்திய ஒன்றின் மேல் நடக்கிறோம் என்ற நினைவோடு மெதுவாக நடந்தேன்.

மதியம், அக்வி என்ற இத்தாலியப் படைப்பிரிவின் நினைவாகக் கத்தோலிக்கத் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய கண்காட்சிக் கூடம். 1943 செப்டம்பர் 8-ஆம் தேதி இத்தாலி நேசநாடுகளிடம் சரணடைந்த செய்தி வெளியானது. நேற்று வரை கூட்டாளியாக இருந்த ஜெர்மானியர்கள் ஆயுதத்தைக் கீழே போடச் சொன்னார்கள். தீவில் இருந்த அக்வி பிரிவில் பதினோராயிரம் பேருக்கு மேல். தளபதி கந்தீன் தயங்கினார். வீரர்களின் கருத்தைக் கேட்டார். போர்க்களத்தில் படையைக் கேட்டு முடிவெடுப்பது எவ்வளவு அபூர்வம்! பெரும்பாலோர் சண்டை என்றார்கள். விமானத் துணை கிடையாது. செப்டம்பர் 22-இல் எல்லாம் முடிந்தது. கைதிகளாகப் பிடிக்க வேண்டாம் என்பது ஹிட்லரின் உத்தரவு. சரணடைந்த பிறகு சுடப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஐயாயிரம் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் எண். மிஞ்சியவர்களை ஏற்றிச் சென்ற கப்பல்களில் சிலவும் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கின. அவர்களைச் சுட்ட ஜெர்மானியப் படையின் தளபதி லான்ஸுக்கு நியூரம்பெர்க் நீதிமன்றம் 12 ஆண்டு தண்டனை விதித்தது. 1951-இலேயே வெளியே வந்துவிட்டார்.

சுவர் முழுக்க வீரர்களின் படங்கள். கடற்கரையில் சட்டையில்லாமல் சிரிக்கும் இருபது வயதுப் பையன்கள். நிறைய நேரம் நின்றேன்.

பம்பலோனி என்ற ஒரு பீரங்கிப்படை கேப்டன். ஜெர்மானியர்கள் கழுத்தில் சுட்டும் பிழைத்தவர். பிறகு கிரேக்க இடதுசாரிக் கெரில்லாக்களோடு சேர்ந்து மலைகளில் போரிட்டவர். பிற்காலத்தில் இந்த நாவல் அந்தக் கெரில்லாக்களைக் கொடியவர்களாகக் காட்டியது அவருக்குப் பொறுக்கவில்லை. எனக்கும் மாண்ட்ராஸை நினைத்து ஒரு நெருடல் இருந்தது. படிப்பில்லாத மீனவன், பனியில் கால் அழுகித் திரும்புகிறான், கெரில்லாவாகிறான், கடைசியில் அவனைக் கயவனாக்கிவிடுகிறார்கள். தன் மண்ணுக்காகச் சண்டைக்குப் போனவன் கயவன், மண்ணைப் பிடிக்க வந்தவன் நாயகன். மேடையில் பார்த்தபோது இசை அதை மறைத்துவிட்டது. இங்கே, இந்தத் தீவில் நிற்கும்போது மறைக்க முடியவில்லை.

ஜூன் 30, ஞாயிறு, அர்கொஸ்டோலி

அதே நீலப்பூ அங்கி. இரவு துவைத்து மாடியில் போட்டேன், காலைக்குள் காய்ந்துவிட்டது.

நகரத்துக்கு வடக்கே கடலோரமாக அரை மணி நேரம் நடந்தால் கட்டவோத்ரெஸ். கடல்நீர் கரையில் உள்ள பாறை இடுக்குகளுக்குள் புகுந்து தரைக்கு அடியில் போய்விடுகிறது. ஒரு காலத்தில் அந்த ஓட்டத்தில் மாவு மில் ஓடியது. பழைய சக்கரம் ஒன்று இன்னும் நிற்கிறது. தண்ணீர் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. 1963-இல் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் சாயத்தைக் கலந்து விட்டார்கள். இரண்டு வாரம் கழித்து, மலைக்கு அடியிலேயே தீவைக் குறுக்காகக் கடந்து, கிழக்குக் கரையில் சாமி என்ற ஊருக்குப் பக்கத்தில் சாயம் வெளிவந்தது.

அங்கிருந்து சற்றுத் தொலைவில் வெள்ளைத் தூண்கள் சுற்றி நிற்கும் கலங்கரை விளக்கம். குழந்தைகள் குதித்து நீந்துகிறார்கள். இந்தக் கரைக்கு அருகேதான் சிவப்பு வீடு என்று அழைக்கப்படும் இடம். செப்டம்பர் 24-இல் நூற்றுக்கும் மேற்பட்ட இத்தாலிய அதிகாரிகளைக் குழுக்குழுவாகக் கொண்டுவந்து சுட்டார்கள். ஒரு சிலுவை, வாடிய மலர் வளையம். கடலில் விளையாடும் குழந்தைகளின் சத்தம் இங்கே தெளிவாகக் கேட்கிறது.

மேட்டில் இருக்கும் பெரிய நினைவுச்சின்னத்தில் ஒரு இத்தாலியத் தம்பதி நின்றிருந்தார்கள். எழுபதைத் தாண்டியவர்கள். அவர் என்னிடம் கைப்பேசியைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, இன்னொன்று என்றார். எதற்காக இங்கே வந்தேன் என்று சைகையில் கேட்டார். "தியேட்டர்... மேண்டலின்..." என்றேன். அவர் முகம் சுருங்கியது. கோபம் இல்லை. பொறுமையாக, பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். "மண்டோலினோ, நோ." தன் சட்டைப்பையிலிருந்து மடித்த காகித நகல் ஒன்றை எடுத்தார். மங்கிய படம். ஒல்லியான பையன், பக்கத்தில் ஒரு கோவேறு கழுதை. கழுதையின் கடிவாளம் பையன் கையில். "ஸீயோ" என்று படத்தைத் தொட்டார். மாமாவோ சித்தப்பாவோ. பிறகு கழுதையையும் தொட்டு, "முலோ" என்றார். அவர் மனைவி அந்தக் காகிதத்தை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து, அவர் சட்டைப்பையில் திரும்ப வைத்துப் பொத்தானைப் போட்டுவிட்டார்.

இறந்தவர்களின் எலும்புகளில் கிடைத்தவற்றைப் போருக்குப் பிறகு இத்தாலிக்கு எடுத்துப்போய் பாரி நகரத்து இராணுவ நினைவிடத்தில் வைத்திருக்கிறார்கள். நாவலில் கார்லோவை மருத்துவர் வீட்டு முற்றத்தில் ஆலிவ் மரத்தடியில் புதைக்கிறார்கள். ஒரு பெயர், ஒரு மரம், அழுவதற்கு ஒரு வீடு. அந்தக் கழுதைக்காரப் பையனுக்கு இவற்றில் எதுவும் கிடைக்கவில்லை.

இரவு சாப்பிடத் தோன்றவில்லை. வீட்டுக்கார அம்மா தக்காளி, வெங்காயம், வெள்ளைப் பாலாடைக்கட்டி வெட்டிப்போட்ட தட்டைக் கதவருகே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

ஜூலை 1, திங்கள், பழைய ஃபார்சா

பழைய கல் வீடுகளைப் பார்க்க வேண்டும் என்றால் பழைய ஃபார்சாவுக்குப் போ என்றார் வீட்டுக்கார அம்மா. நிலநடுக்கத்தில் விழுந்து, ஆட்கள் கீழே புதிய ஊர் கட்டிக்கொண்டு போய்விட, அப்படியே விடப்பட்ட ஊர். டாக்சிக்காரர் கீழேயே இறக்கிவிட்டார். ஏற்றம் செங்குத்து. பாதி வழியில் செருப்பின் வார் அறுந்துபோயிற்று. பெட்டியில் இன்னொரு ஜோடி இருக்கிறது, பெட்டி எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. சால்வையின் ஓரத்தைக் கிழித்துச் செருப்போடு காலைக் கட்டிக்கொண்டு ஏறினேன்.

கூரை இல்லாத வீடுகள். கதவு நிலை மட்டும் நிற்கிறது, அதற்குப் பின்னால் அத்திமரம். சுவரில் இன்னும் நீலச் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது. அடுப்பு இருந்த மாடம், கரி படிந்த கல். சில்வண்டுகளின் இரைச்சல் காதை அடைக்கிறது. கீழே வளைகுடா, எதிர்க்கரை. நாடகத்தின் கசங்கிய உலோகத் தகட்டை இங்கே நினைத்துக்கொண்டேன். வீடு கட்டாமல் விட்டது எவ்வளவு சரி! இந்தத் தீவில் வீடு என்பது நிற்கிற பொருள் இல்லை.

ஒரு வாசற்படியில் உட்கார்ந்து நாவலில் கார்லோ எழுதிவைக்கும் பக்கங்களை மறுபடி படித்தேன். சத்தமாகவே படித்தேன். கேட்க யாரும் இல்லை. இரண்டு ஆடுகள் சுவரின் மேல் நின்று பார்த்தன. தலையைத் திருப்பும் அந்த விதம், மெல்லுவதை நிறுத்தி மறுபடி தொடங்கும் விதம், அந்த நடிகை ஒன்றையும் விடவில்லை.

இறங்கும்போது கால் கொப்புளித்துவிட்டது. கீழே ஒரு வீட்டுப் பெண் என் காலைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு வாளித் தண்ணீரை முன்னால் வைத்தாள். பிறகு சிறு தட்டில் சர்க்கரைப் பாகில் ஊறிய ஒரு பழம், ஒரு கரண்டி, ஒரு தம்ளர் குளிர்ந்த தண்ணீர். காசு கொடுக்கப் போனேன். அவள் கை நீட்டவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் தவறு செய்துவிட்டேன் என்று புரிந்தது.

ஜூலை 3, புதன், கப்பலில்

நேற்று சாமி, மெலிசானி குகை ஏரி. கூரை இடிந்து விழுந்த குகைக்குள் நண்பகல் வெயில் இறங்கித் தண்ணீர் நீல நெருப்பாக எரிகிறது. அழகுதான். கூட்டமும் அதிகம், படகு பத்து நிமிடம் கூட நிற்கவில்லை. கட்டவோத்ரெஸில் உள்ளே போன தண்ணீர் வெளிவருவது இந்தப் பக்கம்தான் என்று படகுக்காரரிடம் கேட்டேன். ஆமாம் என்று துடுப்பாலேயே தண்ணீரைத் தட்டிக் காட்டினார்.

பெட்டி நேற்றிரவு வந்தது. பூட்டு உடைந்திருந்தது, பொருள் ஒன்றும் போகவில்லை. நீல அங்கியைத் துவைத்துத் தேய்த்துக் கொடுத்தேன். அம்மா அதை வாங்கி என் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடினார். மேலே ஒரு பொட்டலம் மந்தோலெஸ், சிவப்புச் சர்க்கரை பூசி வறுத்த பாதாம். "தங்கைக்கு" என்றார்.

கப்பல் கிளம்பிக் கைப்பேசிக்குச் சிக்னல் போவதற்குள் தங்கையை அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கழுதைக்காரப் பையனைச் சொன்னபோது அவள் பேசவில்லை. இரைச்சலில் தொடர்பு போய்விட்டது என்றே நினைத்தேன்.

"அக்கா, கார்லோவும் அந்த இன்னொரு பையனும் பனியில் இருக்கும் காட்சி. அதில்தானே நான் தூங்கிவிட்டேன்?"

"ஆமாம்."

"நாடகம் நாளை லண்டனுக்கு வருகிறது. உனக்கும் ஒன்பதாம் தேதி லண்டனிலிருந்துதானே விமானம். நான் வழியனுப்ப வருகிறேன், இரண்டு நாள் பணியை மாற்றிக் கேட்டிருக்கிறேன். முதல் பாதியை என்னோடு இன்னொரு தடவை பார்ப்பாயா?"

பார்க்கிறேன் என்றேன். இந்தத் தடவை கண் சொக்கினால் எழுப்பிவிடச் சொன்னாள்.